மிளகுக்கு ஊதிய காற்று

1. கழுவினேன்

இத்தனை வருட லெப் வேலையில் நான் வாங்கிய மிகப் பெரிய ஏச்சு, கழுவ வேண்டிய சாமானை முறைப்படி கழுவியதற்காக. உடைத்துவிட்டு ஏச்சு வாங்கியவர்கள் உண்டு. தொலைத்துவிட்டு ஏச்சு வாங்கியவர்கள் உண்டு. சுத்தமாகக் கழுவி, காயவைத்து, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு ஏச்சு வாங்கியவள் மாத்தளை மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று காலை எங்கள் டொக்டர் திரையைப் பார்த்தார். மிளகு தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று ஏதோ பொங்கிக்கொண்டு நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"பரமேஸ், நேத்து சாயந்தரம் வரைக்கும் நல்லா இருந்திச்சே. என்ன செஞ்ச?"

"நாசிலைக் கழுவினேன் சேர்."

"ஏன் கழுவின?"

"நாளைக்கு நோனா வர்றாங்க. எல்லாச் சாமானையும் கழுவித்தான் மாட்டணும்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க?"

ஒட்டித்தான் இருந்தது. அவருடைய கையெழுத்தோடு, மூன்று மொழியிலும், என் தலைக்கு நேர் மேலே. அதை ஒரு தடவை நிமிர்ந்து வாசித்தார். அதற்குப் பிறகுதான் ஏச்சு தொடங்கியது. நியாயமான ஏச்சாக இருந்தால் சுருக்கமாக முடியும். இது நீண்டது.

கடைசியில் கதிரையில் உட்கார்ந்து, "நாளைக்கும் மெஷின் இப்படியே நின்னா, அடுத்த மாசம் அது கொழும்புல நிக்கும்" என்றார். மெஷினோடு என் வேலையும் போகும் என்பதை அவர் சொல்லவில்லை. அது எனக்கே தெரியும்.

டொக்டர் சிங்களவர்; மருந்து டொக்டர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி எங்கள் லெபை நடத்துபவர். நாங்கள் பேசிக்கொள்வது சிங்களத்தில். எழுதும்போது என் வாய்க்கு வந்த தமிழில் எழுதுகிறேன். அவர் தமிழ் தெரிந்து வாசித்தால் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

2. தங்கம் எங்கே போனது?

இப்போது லெபுக்குள் வரும் பிள்ளைகளுக்கு முன்கதை தெரியாது. எங்கள் லெப் அலுவிகாரை தாண்டி, ஏ-நைன் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருந்தது. மிளகு, ஏலம், கறுவாப்பட்டை இவற்றைச் சோதிக்கும் சின்ன இடம். நான் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஏ.எல். வரை பள்ளியில் படித்து முடித்து, அங்கே கெசுவலாகச் சேர்ந்தேன். கெசுவல் என்றால், நாளைக்கு வா என்று சொன்னால் வர வேண்டும், வராதே என்று சொன்னால் வரக் கூடாது. நிரந்தரமாக்குகிறோம் என்று வருடா வருடம் சொன்னார்கள். அந்தப் பேச்சு மட்டும் நிரந்தரமாக இருந்தது.

தொண்ணூறுகளில் ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் எங்களுக்கு ஒரு இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கொடுத்தது. இங்கிலீஷில் இலெக்ட்ரோன் மைக்ரோஸ்கோப்; நாங்கள் சுருக்கமாக ஈயெம் என்போம். சாதாரண நுணுக்குக்காட்டி வெளிச்சத்தால் பார்க்கும். இது இலத்திரன் பீமால் பார்க்கும். மிளகின் தோலில் ஒட்டியிருக்கும் பூஞ்சண நூலைக் கயிறு மாதிரிக் காட்டும். கொள்வனவுக்காரர்கள் பூஞ்சணம் என்று சொல்லி மிளகைத் திருப்பி அனுப்பிய காலம் அது. அதனால் அந்த மெஷின் எங்களுக்குத் தேவைப்பட்டது.

ஆனால் மிளகு மின்சாரம் கடத்தாது. பீமிலிருந்து விழும் இலத்திரன் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கிவிடும். பிளாஸ்டிக் சீப்பால் தலை வாரினால் முடி எழும்பி நிற்குமே, அதே சங்கதி. படம் வெளுத்து, ஆடி, வழுக்கிக்கொண்டு போகும். இதற்குப் பெயர் சார்ஜிங். அதைத் தடுக்க சாம்பிள் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகத் தங்கம் பூச வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன மெஷினும், அதற்குள் ஒரு தங்கத் தகடும் இருந்தன. பூசப் பூசத் தகடு தேயும்.

ஒரு நாள் கணக்குச் சோதிக்க ஓடிட் மாத்தயா வந்தார். தகட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது வரும்போது தடிப்பா இருந்திருக்கே. தங்கம் எங்க போச்சு?"

"பூசினோம் சேர்" என்றேன்.

"எதுக்குப் பூசினீங்க?"

"மிளகுக்கு."

பேனையை மேசையில் வைத்தார். "நான் கலியாணம் கட்டி இத்தன வருசம். என் வீட்டுக்காரிக்கே இன்னும் தங்கம் போடல்ல. நீங்க மிளகுக்குப் போடுறீங்களா? அந்த மிளகெல்லாம் எங்க?"

"பார்த்து முடிஞ்சதும் குப்பையில போட்டுட்டோம்."

"தங்கத்தக் குப்பையில போட்டுட்டீங்க."

விஞ்ஞானம் விளங்கப்படுத்த டொக்டர் ஓடி வந்தார். அவர் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த ஓடிட் மாத்தயாவின் சந்தேகம் கூடியது. கடைசியில் தகடு இரும்புப் பெட்டிக்குள் போனது. ஒவ்வொரு தடவையும் வெளியே எடுக்கக் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டும். அந்த அனுமதி வந்து சேரும்போது மிளகில் இருந்த பூஞ்சணம் பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

அப்போதுதான் டொக்டர் எங்கேயோ வாசித்த ஒரு யோசனையோடு வந்தார். தங்கமே வேண்டாம், காற்று ஊதுவோம் என்றார். மெல்லிய குழாய் ஒன்றால் சாம்பிளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நைட்ரஜன் விட்டால், பீம் அந்த வாயுவை உடைக்கும். உடைந்ததில் வரும் பிளஸ், மிளகில் தேங்கியிருக்கும் மைனசோடு சேர்ந்து அடங்கிவிடும். படமும் அடங்கி நிற்கும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஈயெம் உயிர் வாழ்வதே வெக்யூமில். உள்ளே காற்றுக் கூடினால் பீம் சிதறும், பீமை ஓட்டும் உயர் மின்சாரமான ஹைடென்ஷன் தானாகவே கட் ஆகும், ஃபிலமென்ட் எரிந்து போகும். காற்றே இருக்கக் கூடாத இடத்துக்குள் காற்றை ஊத வேண்டும். அதுவும் மெஷினுக்குத் தெரியாமல், மிளகுக்கு மட்டும். அந்த வித்தையைச் செய்ய வேண்டியது குழாயின் முனையில் இருக்கும் நாசில்.

3. ஊசியும் ஒட்டகமும்

மாத்தளை டவுனில் நசீர் நானாவின் லேத் பட்டறை இருந்தது. டிராக்டர் சாமானும் அரிசி மில் சாமானும் கடைபவர். நான் பார்மசியில் வாங்கிய ஊசி மருந்துச் சிரிஞ்சின் ஊசியை அவர் முன்னால் வைத்தேன். பித்தளைக் குழாயின் முனையில் இதைக் காற்றுக் கசியாமல் பற்றவைத்து, சரியான சாய்வில் வளைத்துத் தர வேண்டும் என்றேன்.

"தங்கச்சி, இந்த லேத்துல நான் மில் ஷாஃப்ட் கடையிறவன். நீங்க கொண்டாந்தீக்கியது ஒட்டகத்த ஊசி ஓட்டைக்குள்ள விடுற வேலை."

"முடியாதா நானா?"

"முடியாதுன்னா சொன்னேன்? தேத்தண்ணி குடிங்க."

முதல் நாசில் வாய் பெரிது. வால்வைத் தொட்டவுடனே வெக்யூம் விழுந்து ஹைடென்ஷன் கட் ஆனது. அடுத்தது மெல்லிய ஊசி. அதில் வந்த காற்று மிளகுக்கு எந்த மூலைக்கும் போதவில்லை. இன்னொன்றைச் சாம்பிளுக்கு மிக நெருக்கமாக வைத்தோம். ஊதிய வேகத்தில் டேப் கழன்று மிளகு பறந்து போய் டிடெக்டரில் மோதியது. அதை வெளியே எடுக்கவே எங்களுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. வாய் அளவு, தூரம், சாய்வு என்று ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். ஆறு நாசில் செய்தோம், ஆறும் தோற்றன. ஏழாவது நசீர் நானாவின் கையில் இருந்தது.

இந்தச் சாமான்களைக் கொண்டு வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. பித்தளைக் குழாய், முனையில் ஊசி, கையில் வைத்திருப்பவள் தமிழ்ப் பெட்டை. அந்த யுத்தக் காலத்தில் இதைவிட நல்ல பொருத்தம் வேண்டுமா? முதல் நாள் ஒரு ஆமிக்காரப் பொடியன் கேட்டான், இது என்னவென்று.

"மிளகுக்குக் காத்து ஊதுற குழாய்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அவன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். மற்றவனைக் கூப்பிட்டான். "இங்க வா, இந்த அக்கா சொல்றதக் கேளு." திரும்பச் சொன்னேன். பெரியவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கும் சொன்னேன். லெபுக்குப் போன் செய்து டொக்டரிடம் கேட்டார்கள்; அவரும் அதையேதான் சொன்னார். பொய் சொல்பவள் இதைவிட நம்பும்படியாகச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தார்களோ என்னவோ, விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும், "என்ன அக்கா, மிளகு மூச்சு விட்டிச்சா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

4. சந்தனம் வேண்டாம்

அப்படியிருக்கக் கொழும்பிலிருந்து டொக்டருக்குக் கடுதாசி வந்தது. மெஷின் கொடுத்த திட்டத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார நோனா பார்க்க வருகிறார். மாத்தளையில் அது பயன்படாமல் சும்மா இருந்தால் கொழும்புக்குக் கொண்டு போய்விடுவார்கள். வேலை செய்துகொண்டிருந்தால் ஒப்பரேட்டர் பதவி ஒன்று இங்கேயே நிரந்தரமாக உண்டாக்கப்படும்.

"மெஷினோட நீயும் கொழும்புக்குப் போகலாமே" என்று சிலர் சுலபமாகச் சொன்னார்கள். அந்த வருடங்களில் ஒரு தமிழ்ப் பிள்ளை கொழும்பில் ரூம் எடுத்துத் தங்குவது என்றால், பொலிசில் பதிய வேண்டும், எந்த நேரமும் கதவு தட்டுவார்கள், எங்கேயாவது ஏதாவது வெடித்தால் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் ரோலர் ரூமில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எண்பத்து மூன்று கலவரத்தில் மாத்தளை டவுன் எரிந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதிலிருந்து விடிந்தால் அடைந்தால் ரேடியோ செய்திதான்.

"நீ கொழும்புக்குப் போனா, ஒவ்வொரு செய்தியிலயும் நான் உன் பேரத் தேடிக்கிட்டு இருக்கணும். அந்த வேல வேணாம் தாயி. கொழுந்து பறிச்சாலும் பரவாயில்ல" என்றார்.

படித்து முடித்துக் கொழுந்து பறிக்கப் போவதா? எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேலே கோபம். மெஷின் மாத்தளையில் நின்றால் எனக்கு வேலை, போனால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அந்த வாரத்தில் ஆயுத பூசை வந்தது. தோட்டத்து ஃபெக்டரிகளில் அன்றைக்கு ரோலர், டிரையர், லொறி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். எங்கள் டிரைவர் முத்தையா அண்ணன் அந்தப் பழக்கத்தை லெபுக்கும் கொண்டு வந்திருந்தார். நான் டொக்டரிடம் போய், ஈயெம்முக்கும் ஒரு பொட்டு வைக்கலாமா என்று கேட்டேன்.

"பரமேஸ், ஒரு விரல் ரேகை பட்டாலே வெக்யூம் பிடிக்க மாட்டேங்குது. அதுல சந்தனமா? இது சயன்ஸ் செய்யிற இடம். வாசலுக்கு இந்தப் பக்கம் சந்தனம் வரக் கூடாது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நானும் முத்தையா அண்ணனிடம் போய் அதையே சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேனுக்கு வைத்தார், ஜெனரேட்டருக்கு வைத்தார், டைப்ரைட்டருக்கு வைத்தார், புல்லு வெட்டும் மெஷினுக்கும் வைத்தார். ஈயெம் மட்டும் கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்ட சொந்தக்காரனைப் போல உள்ளே தனியாக நின்றது.

அடுத்த கிழமை ஏழாவது நாசிலை மாட்டப் போனேன். டொக்டர் அதைத் தானே துடைத்து ஈரமில்லாத டப்பாவில் வைத்திருப்பதாகவும், அப்படியே மாட்டும்படியும் சொன்னார். முனையில் லேசாக மஞ்சள் நிறம் இருந்தது. பற்றவைத்த சூட்டில் வந்த கறை என்று நினைத்து மாட்டினேன்.

வால்வைத் திறந்தேன். வெக்யூம் கொஞ்சம் இறங்கி, பிடித்து நின்றது. ஹைடென்ஷன் கட் ஆகவில்லை. திரையில் பொங்கிக்கொண்டிருந்த வெள்ளை மெல்ல மெல்ல வடிந்தது. சுருக்கம் சுருக்கமாக மிளகின் தோல் தெரிந்தது. அதன் இடுக்கில் பூஞ்சணம், நூல் நூலாக. தங்கம் ஒரு துளி இல்லை.

"சேர்!" என்று கத்தினேன். டொக்டர் வந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று மாலை சாவடியில் நானாகவே வலிய நின்று, "மிளகு மூச்சு விட்டிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

நோனா வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்திய நாள்வரை அந்த நாசில் குறையில்லாமல் வேலை செய்தது. அன்று மாலை, நல்ல பிள்ளையாக, அதைக் கழற்றி எதனோலில் போட்டுக் கழுவினேன். அடுத்த நாள் நோனா வர இருந்தது தள்ளிப் போனதால் ஒரு நாள் கிடைத்தது. அந்த ஒரு நாளில்தான் நான் தொடக்கத்தில் சொன்ன ஏச்சு.

5. மூக்கு

ஏச்சு வாங்கிய கையோடு மேசைக்குப் போனேன். முந்திய நாள் கழுவிய எதனோல் அப்படியே பீக்கரில் மூடியிருந்தது. ஊற்றப் போனவள் அடியைப் பார்த்தேன். மெல்லிய மஞ்சள் வண்டல். சூட்டுக் கறை எதனோலில் கரையாதே? லெபில் எதையும் மோந்து பார்க்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்.

சந்தனம்!

வேறு யார்? நேரே வேனடிக்குப் போனேன். முத்தையா அண்ணன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்தானே? நாசில்ல சந்தனம் வச்சிருக்கீங்க!"

"நானா? மாரியாத்தா மேல சத்தியம் பரமு, நான் அந்த ரூம் வாசப்படியே மிதிக்கல்ல."

"அப்ப சந்தனம் தானா நடந்து போச்சாக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? நீதான் படிச்சவ."

எங்கள் சத்தம் கேட்டு டொக்டர் வெளியே வந்தார். நான் பீக்கரை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "பாருங்க சேர், இந்தாள் செஞ்ச வேலைய. நாளைக்கு நோனா வாறப்ப என்ன செய்யப் போறோம்? என் வேலையே போகப் போகுது!"

டொக்டர் பீக்கரை வாங்கி மோந்து பார்த்தார். அவர் காது இரண்டும் சிவந்தன.

"முத்தையாவ ஏசாத பரமேஸ்."

"இல்ல சேர், இவரு..."

"அது நான்."

முத்தையா அண்ணன்தான் முதலில் பேசினார். "எந்த வெரலால வச்சீங்க சேர்?"

"மோதிர விரலால."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

ஆயுத பூசைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை டொக்டர் தனியாக லெபுக்கு வந்திருக்கிறார். சட்டைப் பையில் கொழும்புக் கடுதாசி. மேசையில் ஏழாவது நாசில். வேனில் முத்தையா அண்ணன் மிச்சம் வைத்த சந்தனக் கிண்ணம். "ஆறு தடவ தோத்துட்டோம். எனக்குப் பயம் வந்திருச்சு. வச்சேன்" என்றார். "வச்ச உடனே வெக்கமாப் போச்சு. பெருவிரலால அழுத்தித் தொடச்சிட்டேன். எல்லாம் போயிருச்சுன்னுதான் நெனச்சேன்."

போகவில்லை. துடைத்த துடைப்பில் பாதி நாசிலின் வாய்க்குள் போயிருக்கிறது. டப்பாவில் கிடந்து நன்றாகக் காய்ந்து வாயின் ஓரத்தில் இறுகிவிட்டது.

பிறகு எங்கள் விஞ்ஞானி மெதுவாகக் கேட்டார். "முத்தையா, சந்தனம் மிச்சம் இருக்கா?"

"சேர்!" என்றேன். அவரிடம் நான் சத்தம் போட்டது அந்த ஒரு நாள்தான். "நோனா வாய் அளவு கேட்டா, ஒரு விரல் சந்தனம்னு சொல்லுவீங்களா? அந்தச் சந்தனம் என்ன செஞ்சதுன்னு யோசிங்க. சாமியா நின்னு செஞ்சிருந்தா அது நம்ம கையில இல்ல. வாய அடைச்சுச் செஞ்சிருந்தா, அத நசீர் நானா செய்வாரு."

டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே ஓடி, காகிதம் எடுத்து, ஏழாவது நாசிலின் வாயளவையும் வெக்யூம் கேஜில் அந்த நாட்களில் நாங்கள் குறித்த அளவையும் வைத்துக் கணக்குப் போட்டார். வாய் எவ்வளவு சுருங்கியிருந்தால் அந்த அளவு வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். என்னால் போட முடியாத கணக்கு அது. போட்டு முடித்து, "வேன எடு" என்றார்.

நசீர் நானா முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் வச்ச வாய் பெருசு. அத நீங்க ரெண்டு பேரும் சொல்லல்ல, சந்தனம் சொல்லியீக்கி."

சைக்கிள் பிரேக் வயரில் ஒரு இழையைப் பிரித்தெடுத்து ஊசியின் வாய்க்குள் விட்டார். அதன் மேல் ஊசி முனையைக் குறட்டால் மெல்ல நசுக்கினார். பிறகு இழையை உருவி எடுத்தார். முதல் ஊசியில் இழை உள்ளே அறுந்து போனது. அடுத்ததில் உருவி வந்தது. வாய் நெல்லின் நுனியைப் போலத் தட்டையாக, ஒரு கீற்றாக இருந்தது.

"பிஸ்மி சொல்லித்தான் நசுக்கினேன். அதையும் அந்த நோனாட்டச் சொல்லிப் போடுங்க" என்றார்.

அன்று மாலையே மாட்டினோம். வால்வைத் திறந்தேன். வெள்ளை வடிந்தது. மிளகு வந்தது. வாய் தட்டையாக இருந்ததால் காற்று விசிறிபோல் பரவி, முன்னைவிடப் பெரிய இடம் சுத்தமாகத் தெரிந்தது. நான் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். டொக்டர் பார்க்காதது போல் வெக்யூம் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6. போர்ட்

நோனா வந்தார். நல்ல மனுஷி. தங்கம் பூசாத மிளகைப் பார்த்து, பிறகு ஏலத்தைப் பார்த்து, பிறகு நாசிலைக் கழற்றிக் காட்டச் சொன்னார்.

"இந்தத் தட்டை வாய்க்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள்?"

"சிஸ்டமேட்டிக் ட்ரயல்ஸ்" என்றார் டொக்டர். எட்டுத் தடவை முயன்றோம் என்பது உண்மைதான். அறிக்கையிலும் அப்படியே போனது. மெஷின் மாத்தளையில் நிற்கும் என்று முடிவானது. பதவியும் உண்டானது. ஆனால் அதை எனக்குச் சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். பேப்பரில் விளம்பரம் போட்டு, கொழும்பில் நேர்முகப் பரீட்சை வைத்தார்கள்.

போர்டில் மூன்று பெரியவர்கள். ஓரத்தில் எங்கள் டொக்டர். நடுவில் இருந்த தலைவர் அறிக்கையைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "இந்த நாசில் வேலையில உங்க பங்கு என்ன?"

நான் என்ன சொல்வது? வாயைச் சுருக்கச் சொன்னது நான் என்றால், ஏன் அப்படித் தோன்றியது என்பார்கள். சந்தனத்தைச் சொல்ல வேண்டி வரும். சந்தனத்தைச் சொன்னால் வைத்தவரைச் சொல்ல வேண்டும். வைத்தவர் அதோ, தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அவரை அங்கே வைத்து அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

"கழுவினேன் சேர்" என்றேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கழுவுறதுக்கு ஆள் எடுக்கிறதா இருந்தா நாங்க வேற விளம்பரம் போட்டிருப்போமே" என்றார் தலைவர். வேலை கையை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். அப்பா வீட்டு வாசலில் காத்திருப்பது கண் முன்னால் வந்தது.

அப்போது டொக்டர் எழும்பி நின்றார். கடுதாசி, ஞாயிற்றுக்கிழமை, மோதிர விரல், பெருவிரல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். "இவ கழுவாட்டி எனக்கே தெரிஞ்சிருக்காது. மோந்து பார்த்துக் கண்டுபிடிச்சதும் இவ, வாயச் சுருக்கச் சொன்னதும் இவ. அறிக்கையில நான் எழுதாம விட்டது அதுதான்" என்றார்.

பிறகு தலைவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். "டொக்டர், பிள்ளைக்கு வேலை எடுத்துக் கொடுக்கணும்னா நேராக் கேட்டிருக்கலாமே! அதுக்காக உங்களுக்கு நீங்களே சந்தனம் பூசிக்கணுமா?"

ஒருவர்கூட நம்பவில்லை. வேலை எனக்குத்தான் கிடைத்தது. டொக்டர் சொன்னதற்காகவா? சேச்சே. மாத்தளை என்றதும் மற்ற விண்ணப்பக்காரர் ஒருவரும் நேர்முகத்துக்கே வரவில்லை.

திரும்பி வரும்போது வேனில் டொக்டரோடுதான் வந்தேன். கண்டி தாண்டியதும், "ஒருத்தரும் நம்பல்ல பரமேஸ்" என்றார்.

"மோந்து பார்க்கல்லன்னா நானும் நம்பியிருக்க மாட்டேன் சேர்."

முன்னால் முத்தையா அண்ணன் மட்டும், "நான் அப்பவே நம்பினேன்" என்றார்.

சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலுக்குக் கீழே அடுத்த கிழமையே புதிய வரி ஒன்று ஏறியது, மூன்று மொழியிலும்: கழுவுவதற்கு முன் டொக்டரிடம் கேட்கவும். புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு சாமான் பழுதானால் ஏன் என்று எல்லாரும் தேடுவோம். நன்றாக வேலை செய்யும்போதும் தேடுங்கள். காரணம் தெரியாமல் ஓடும் சாமானைக் கழுவினால் காரணமும் சேர்ந்து போய்விடும். எனக்கு அது பீக்கரின் அடியில் தங்கியிருந்தது. எல்லாருக்கும் அப்படித் தங்கியிருக்கும் என்று நம்பாதீர்கள்.

வேலைக் கடிதம் வந்த அன்று அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாசிக்கவில்லை. "கொழும்புக்குப் போகணுமா?" என்றுதான் கேட்டார்.

"இல்லப்பா. இங்கயேதான்."

உள்ளே ரேடியோவில் செய்தி தொடங்கியிருந்தது. அப்பா எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு, சாப்பிட வந்து உட்கார்ந்தார்.